கூர்க்காவின் ஊருக்குப் போகும் வழி

மலை என்றால் எனக்கு ஆகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிற சேலத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பிறந்தது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், சோளமும் கடலைக்காயும் விளைகிற காட்டில். எங்களுக்கு மலை என்பது கீழே நின்று கும்பிடுவதற்கு. சின்ன வயதில் எங்கள் சித்தப்பா ஒருவர் கொல்லிமலைக்குப் பலாப்பழம் வாங்கப் போய், குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார். இருக்கிற போர்வையை எல்லாம் போர்த்திவிட்டும் அவர் படுத்திருந்த கட்டில் கடகடவென்று ஆடியது. ஆள் பிழைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்டவளிடம் வந்து என் வீட்டுக்காரர் ஒரு நாள், "அம்மிணி, நாம நேபாளம் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வாங்கிக்கொண்டு வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சீனாச் சண்டை ஓய்ந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அவர் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ராசிபுரத்தில் தறி நெய்கிற குடும்பம். தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் படித்து வேலைக்கு வந்தவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ரயில்வே வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவர் சொன்ன திட்டம் இது. ரயில்வேக்காரர்களுக்கு வருஷா வருஷம் பாஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு மெட்ராஸ், கல்கத்தா என்று மாறி மாறி, வடக்கே ரயில் போய் நிற்கிற கடைசி ஊர் வரைக்கும் போக வேண்டியது. அந்த ஊருக்கு ரக்சால் என்று பெயர். அதைத் தாண்டினால் நேபாளம். அங்கிருந்து லாரியோ பஸ்ஸோ பிடித்து மலைப்பாதையில் காட்மாண்டு. நாலு நாள் கோயில், அரண்மனை, மரத்தில் செதுக்கிய ஜன்னல் என்று பார்ப்பது. அதற்கப்புறம் நடை. மலை மேலே மலையாக ஏறி இறங்கி, கூர்க்காவின் ஊருக்குப் போய், பனிமலையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியது. ஐப்பசியில் போனால் மழை விட்டு வானம் துலக்கமாக இருக்குமாம்.

"எந்தக் கூர்க்காங்க?" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடைகள் இருந்த சந்துக்குக் காவல் காத்த கூர்க்கா. பருப்பு நிறுத்துக் கட்டுகிற நேரத்தில் இவர் அவனிடம் ஊர்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஊரை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆனவன், கேட்க ஆள் கிடைத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டான். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, "பக்கம்தான் சாப். ஒரு மலை ஏறு, ஒரு மலை இறங்கு, அப்புறம் ஒரு மலை ஏறு" என்றானாம். அதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

குளிரில் கை கால் விறைத்துவிட்டால், காய்ச்சல் வந்தால், கால் தவறினால், பாஷை தெரியாத இடத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடைசியில், "புள்ளையப் பாக்கத்தான் குடுத்து வெக்கலை, பனியவாச்சும் பாத்துட்டு வரலாமே" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணமாகி எட்டொன்பது வருஷத்தில் எனக்கு மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் நிற்கவில்லை. மூன்றாவது போன பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபம் எல்லாம் இல்லை. ஆபீஸ் விட்டு வருவார், கால் கழுவுவார், சாப்பிடுவார், வாசலில் நாற்காலி போட்டுக் கூட்ஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உப்பு வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி. அன்றைக்குத்தான் மனிதர் பழையபடி மூச்சுவிடாமல் பேசினார். எனக்கு மலையைக் கண்டால் பயம், ஆனால் அந்த ஊமைத்தனத்தைக் கண்டால் அதைவிடப் பெரிய பயம். அடுப்படிக்குப் போய், "சரிங்க, போலாம்" என்றேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நேபாளம்தான். கடைவீதியில் எனக்குக் கான்வாஸ் ஷூ வாங்கினார். பொம்பளைக்கு அளவில்லை என்று கடைக்காரர் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற வெள்ளை ஷூவை எடுத்துக் கொடுத்தார். புடவைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு நான் வாசலில் நடந்து பழகினபோது, பக்கத்து வீட்டு அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து பிள்ளை பெற்றவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவர், அவர் புருஷனும் ரயில்வேதான். "மாதாவே! ஏண்டி, உனக்கு என்ன கேடு வந்துச்சு? இங்கிருக்கிற ஏற்காட்ட விட்டுட்டு எங்கேயோ போய்ச் சாகப் போறியே" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் விட்டுக்கொடுக்காமல் நடந்தேன்.

சேலத்தில் கம்பளிக் கோட்டுக்கு எங்கே போவது? ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் துரை ஊரைக் காலி செய்து போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கோட்டு ஒன்று யார் மூலமாகவோ வந்தது. போட்டால் எனக்கு முழங்காலைத் தாண்டும். அந்துருண்டை வாசனையில் தலை சுற்றும். என் வீட்டுக்காரர் இந்தியும் படித்தார். ஸ்டேஷன் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிக்கொண்டிருந்த காலம். ஆபீசில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அடுப்படியில் உட்கார்ந்து என் காதோடு "பானி, ரோட்டி, கித்னா தூர்" என்று ஒப்பிப்பார். நான் அடுப்பு ஊதிக்கொண்டே தப்பில்லாமல் சொல்கிறாரா என்று கேட்பேன். எனக்கென்ன தெரியும், சரிதானுங்க என்பேன்.

ஆடி பிறந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

முதல் தடவை உண்டானபோது ஊரெல்லாம் சொன்னோம். போயிற்று. இரண்டாவது தடவை என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் மட்டும் சொன்னோம். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை அவரிடம் மட்டும், அதையும் கிசுகிசுவென்று காதில்தான் சொன்னேன். சொன்ன வாரமே போயிற்று. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்களுக்கு மூன்று முறை போகவில்லை. வாயைத் திறந்து சொன்னால் அது தங்காது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இந்தத் தடவை அவருக்குக்கூடச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் சொல்லாமலே அது போய்விட்டால், அவருக்குத் தெரியாமலே போகும். அவர் பனிமலையை நினைத்துச் சந்தோஷமாக இருப்பார். சொல்லி, அவர் ஆசைப்பட்டு, நாலாவது தடவையும் போய்விட்டால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். இந்த முறை எழுந்திருக்க மாட்டார் என்று பட்டது. குழந்தையும் போய்ப் புருஷனும் போனால் நான் யாரோடு இருப்பது? கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். துணியைப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம்.

இந்த நிலைமையில்தான் அவர், "ஞாயித்துக்கெழமை திருச்செங்கோட்டு மலை ஏறிப் பழகலாம்" என்றார். தலைவலி, இடுப்பு வலி எல்லாம் முன்பே சொல்லித் தீர்த்திருந்தேன். வேறு சாக்கு வாயில் வரவில்லை. போனோம். கோயில் மலையில் ஷூ போட்டு ஏற முடியுமா? பழகுவதற்காக வாங்கின ஷூவைப் பையில் போட்டு அவர் தோளில் தொங்கவிட்டுக்கொள்ள, வெறுங்காலோடு படியேறினோம். அவர் மடமடவென்று ஏறினார். நான் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, உள்ளே குலுங்காமல் ஏறினேன். அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றபோது என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. வேண்டினால் அதுவும் சொன்னது மாதிரிதானே என்று பயந்து, வெறுமனே கையைக் கூப்பிவிட்டு வந்தேன்.

அதோடு திரும்பியிருக்கலாம். "உச்சி வரைக்கும் போனாத்தான் பழக்கம்" என்று அவர் மேலே கூட்டிக்கொண்டு போனார். உச்சியில் வறடிக்கல் என்று ஒரு பாறை உண்டு. பிள்ளை இல்லாத பெண்கள் வேண்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவார்கள். கால் வைக்க இடம் குறைச்சல். ஒரு பக்கம் கல்லைத் தழுவிக்கொண்டு நகர வேண்டும். மறுபக்கம் பார்த்தால் கீழே ஊர் சின்னச் சின்னக் கூரைகளாகத் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு பெண்ணைச் சுற்ற வைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, என் கழுத்தையும் இடுப்பையும் வெறுங்கையையும் பார்த்துவிட்டு, "வா சாமி, நீயும் மூணு சுத்துச் சுத்திரு. எங்கக்கா மவ சுத்தினா, இப்பக் கையில புள்ளை" என்று என் கையைப் பிடித்தாள்.

சுற்றப்போய்க் கால் வழுக்கினால்? மாட்டேன் என்றால் தெய்வக் குற்றமாகி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டால்? ஏற்கெனவே கொடுத்தவரிடம் போய் மறுபடியும் கேட்டால் பேராசை என்று நினைக்க மாட்டாரா? எனக்கு வேண்டாம், வயிற்றில் இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. அவள் இழுக்க, நான் பின்னுக்கு இழுக்க, அப்படியே நின்றோம்.

அவர் முன்னால் வந்து, "நாங்க அதுக்கு வரலீங்க. நேபாளம் போறதுக்கு நடந்து பழகறமுங்க" என்றார். அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக, ஒரு கையைக் கல்லிலும் ஒரு கையை அடிவயிற்றிலும் வைத்துக்கொண்டு இறங்கினேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவர் எனக்கு முன்னால், முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே படியிறங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் சவரம் பண்ணாமல் ஆபீஸ் போனார். அடுத்த நாளும் அப்படியே. நாலைந்து நாள் கழித்து முகத்தில் முள் மாதிரி வளர்ந்ததும், "என்னுங்க இது?" என்றேன். "பனியில குளிர் தாங்கோணுமில்ல? இப்ப உட்டாத்தான் ஐப்பசிக்குச் சரியா வரும்" என்றார். கூர்க்கா சொன்னானா என்றேன். ஆமாம் என்றார். அந்தக் கூர்க்காவுக்கு மீசையே நாலு முடிதான். எனக்கு உறைக்கவில்லை.

லீவு சாங்ஷன் ஆன அன்றைக்கு, ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடப் போனோம். தேங்காயை அவர்தான் வாங்கினார். உடைக்கிற இடத்துக்கு வந்ததும் கையை ஓங்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவரிடம் தேங்காயைக் கொடுத்து, "நீங்க உடைச்சுருங்க" என்றார். அவரும் உடைத்துவிட்டுப் போனார்.

பெண்டாட்டி பிள்ளையுண்டாகி இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. மலையேறக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தெரிந்துவிட்டது இவருக்கு. நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது. சொன்னதாகக் கணக்காகுமா, ஆகாதா? அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம், மலையில் சமைக்க ஸ்டவ் எடுத்துப் போகலாமா, மண்ணெண்ணெய்க்கு என்ன செய்வது என்று ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தார். அவரும் என்னை மாதிரியே பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் என் குரலை உயர்த்தி, ஸ்டவ் வேண்டாமுங்க, அவல் எடுத்துக்கலாம் என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு திட்டம் போட்டோம். போகப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். வாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டுமே! தண்ணீர்க் குடத்தை நான் தொட்டால், "உடு, மலையில நாந்தான் தண்ணி எடுக்கோணும், இப்பவே பழகிக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வார். சாயங்கால நடையை நிறுத்தினார். தூரம் போகிறவர்கள் அதற்கு முன்னால் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம், கூர்க்கா சொன்னானாம். அக்கா வீட்டிலிருந்து பப்பாளி வந்தபோது, "நேபாளத்துல பப்பாளி கெடைக்காது. இப்பவே உட்டுப் பழகு" என்று தட்டோடு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அக்கா மதில் மேலே எட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து பெற்றவருக்கா தெரியாது? அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போனார்.

புரட்டாசியில் ஒரு காலை, அவர் ஆபீஸ் போன பிறகு, அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடிவயிறு இழுத்தது. போய்ப் பார்த்தேன். இரத்தம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்று மட்டும் கத்தினேன். வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. குதிரைவண்டி பிடித்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கன்னியர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவர் மாதாவைக் கூப்பிட்டார். நான் யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குழி வந்தால் வண்டியோடு சேர்ந்து நானும் அதிரக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தேன்.

சிஸ்டர் பார்த்துவிட்டு, "குழந்தை இருக்கிறது" என்று அறை முழுவதும் கேட்கச் சொன்னார். அவர் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. அதற்குள் ஆள் விட்டு அனுப்பி என் வீட்டுக்காரரும் ஓடிவந்துவிட்டார். "ஏன் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, தாடியும் வேர்வையுமாக நின்று, "ஐப்பசியில நேபாளம் போறமுங்க" என்றார். சிஸ்டருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறேன், இவர் நேபாளம் என்கிறாரே" என்றார். அக்கா சிஸ்டரைத் தனியாகக் கூட்டிப்போய் என்னவோ சொன்னார். திரும்பி வந்த சிஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். கால் மேலே, தலை கீழே. எல்லாம் படுத்தபடியேதான். சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து வந்தது. உதிரம் நின்றது, இரண்டு நாள் கழித்து மறுபடி லேசாகக் கண்டது, மறுபடி நின்றது. இருமல் வந்தால் அடக்கிக்கொள்வேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அழுதால் வயிறு குலுங்கும் என்று அழக்கூட இல்லை.

ஐப்பசி வந்தது. அவர் லீவை ரத்து செய்யவில்லை. புறப்பட வேண்டிய நாளன்று குளித்து, விபூதி வைத்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அம்மிணி, மெயில் வந்துருச்சு. ஏறலாமா? ஜன்னலோரம் உனக்கு."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் டம்ளர் இருந்தால் வீசியிருப்பேன். "வெளையாட்டுங்களா இது?" என்றேன்.

"இல்ல. நீ எந்திரிக்க வேண்டாம். படுத்துட்டே வா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. அப்புறம் எப்படி வராமல் இருப்பது?

போனோம். கல்கத்தாவில் ஆற்றைப் பார்த்தோம். ரக்சாலில் ரயிலை விட்டு இறங்கி லாரி பிடித்தோம். எனக்காக டிரைவர் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கினார். காட்மாண்டில் பசுபதிநாதரைக் கும்பிட்டோம், சந்து சந்தாகப் போய் மர ஜன்னல்களைப் பார்த்தோம். தினமும் காலையில் அவர் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கூர்க்காவிடம் அடுத்த நாளைக்கு வழி கேட்டுக்கொண்டு வருவார். பிறகு நடையை ஆரம்பித்தோம். நான் கூரை ஓட்டைப் பார்த்தபடி நடந்தேன். ஒரு இடத்தில், "இங்க ஒரு கயித்துப் பாலம். நடந்தா ஆடும்" என்றார். "ஐயோ, வேண்டாமுங்க" என்று அலறிவிட்டேன். மறுநாள் என்னைச் சுற்று வழியில் ஆற்றுக்கு இறக்கி, முழங்கால் தண்ணீரில் கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிப்போனார். அதனால் ஒரு நாள் பின்தங்கிவிட்டோம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் ஒரு நிமிஷம்கூட நான் பயமில்லாமல் இருந்ததில்லை. அவர் கோபுரத்தைச் சொல்லும்போது என் புத்தி முழுக்க இடுப்புக்குக் கீழேயே இருக்கும். ஈரமாக இருக்கிறதா? வேர்வையா? முந்தின மூன்றும் போன கெடு இன்னும் தாண்டவில்லையோ? தாண்டிவிட்டது என்று விரல் விட்டு எண்ணவும் பயம்.

கடைசி ஏற்றம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறத் தொடங்கினோம். "இன்னும் கொஞ்சம்தான்... மூச்சு வாங்குதா? நில்லு... ம், வந்துட்டோம். கூர்க்காவோட ஊரு. அதா, எதுத்தாப்புல பனிமலை" என்றார். அவ்வளவுதான். நின்றுவிட்டார்.

"எப்படீங்க இருக்குது?" என்றேன்.

தலையைச் சாய்த்துப் பார்த்தேன். தாடிக்குள்ளே வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. கூர்க்காவிடம் இதையும்தான் கேட்டிருக்கிறார். போனால் தெரியும் சாப் என்று மட்டும் சொல்லி அவன் அழுதுவிட்டானாம். "எனக்குத் தெரியலை அம்மிணி" என்றார். "இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியலை. எனக்குப் பயமா இருக்குது. உனக்கும் அதுக்கும் ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எங்க போவேன்?"

அதுக்கும் என்றுவிட்டார். மூன்று மாதமாக இரண்டு பேரும் வாயில் வராமல் காத்து வைத்திருந்தது, அவர் வாயிலிருந்தே விழுந்துவிட்டது. அவருக்கும் அது உடனே உறைத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வயிறு இழுக்கிறதா? எங்கேயாவது வலிக்கிறதா? வெளியே கூட்ஸ் வண்டி பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுப் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அவர் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். இவரை இப்படி மலை உச்சியில் நிற்க வைத்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. "என்னுங்க, கையக் குடுங்க. கீழ போலாம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

எனக்கு வழி தெரியாது. கூர்க்காவிடம் நான் கேட்டதுமில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எல்லாம் அந்தச் சரிவில் போட்டேன். வேலியோரம் நடந்தோம். கடலைக்காடு வந்தது, இரண்டு செடி பிடுங்கி மண்ணை உதறி அவருக்குத் தின்னக் கொடுத்தேன். சோளத்தட்டு அறுத்துக் கட்டு கட்டியிருந்தார்கள். ஒரு கிணற்றில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த ஆள் எங்களுக்குத் தண்ணீர் வார்த்தான். நேபாளத்தில் ஏது ஏற்றம் என்று அவர் கேட்கவில்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று வந்துகொண்டிருந்தார்.

பாதி மலை இறங்கியிருப்போம். உள்ளேயிருந்து யாரோ ஒரு விரலால் தட்டினார்கள்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். வாயு என்று நினைத்தேன். மறுபடியும் தட்டியது, அதே இடத்தில். முந்தின மூன்று தடவையும் இந்த இடம் வரைக்கும் நான் வந்ததே இல்லை. இது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் தெரிந்துவிட்டது. அந்தத் தட்டுத் தட்டியவள் பின்னால் வளர்ந்து, இன்றைக்கும் என்னை நாலு வார்த்தை அதட்டாமல் சோறு போடுவதில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சந்தோஷத்தைவிடப் பயம்தான் மேலாக இருந்தது. இப்போது இதைச் சொன்னால் என்ன ஆகுமோ? அதுவும் இந்த மனிதர் இருக்கிற இருப்பில்?

"என்ன ஆச்சு? ஏன் நின்னுட்டே?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க. கால்ல கல்லுக் குத்திருச்சு" என்றேன்.

கல்லை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தேன். அவசரப்படவில்லை. இறக்கம் செங்குத்தாக வந்த இடத்தில் அவரை உட்கார வைத்து மூச்சு வாங்க விட்டேன். ஒரு வேப்பமரத்தடியில் மோர் வாங்கிக் கொடுத்தேன். ஆறு வந்தது, கடந்தோம். சரிவு குறைந்து குறைந்து, வயல் வந்து, வண்டித்தடம் வந்து, கடைசியில் லாரி நிற்கிற மேட்டுக்கு வந்து சமதரையில் இரண்டு பேரும் காலை வைத்தோம். அவர் விசும்பல் அடங்கியிருந்தது. அப்புறம்தான் அவர் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து, "அசையுதுங்க" என்றேன்.

"எப்ப இருந்து?" என்றார்.

"பாதி மலையில."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க விழுந்திருப்பீங்களே" என்றேன்.